ஃபேன் ஓடுகிறது, புகை போகவில்லை: பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டுக் கூரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

அக்டோபரும் நவம்பரும் கோலாலம்பூர் உணவகங்களுக்கு இரட்டைச் சோதனை. தீபாவளிக் கூட்டம் அடுப்பை அணைய விடாது. பிற்பகல் இடிமழை கூரையைக் காய விடாது. ஆண்டு முழுக்க முனகாமல் ஓடிய எக்ஸாஸ்ட் ஃபேன் இந்த இரண்டு மாதத்தில்தான் படுத்துக்கொள்ளும். கூரை ஃபேன்களுக்கான கையேடுகள் பல குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இறக்கையில் உறையும் பனி, இறுகிப்போன கிரீஸ், பனி மூடிய காற்றுவாய் என்று பக்கம் பக்கமாக வரும். நமக்கு அவை வேண்டாம். நம் கூரைகளில் அந்தக் குளிர்காலத்தின் இடத்தில் மழைக்காலம் நிற்கிறது. கெடுப்பது தண்ணீர், தண்ணீரைத் தொடர்ந்து வரும் மின்கோளாறு, அந்த மின்கோளாற்றைச் சரிசெய்யும்போது நுழையும் புதுக்கோளாறு.

இங்கே ஆராய்வது அந்த மூன்றாவது வகை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மூன்று மாடிக் கடைவீடு, கீழ்த்தளத்தில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. கடை மாதிரிக்கு எடுத்துக்கொண்டது. எண்கள் இந்த அளவு யூனிட்டில் ஒன்றோடொன்று பொருந்தி வரக்கூடியவை. அந்தந்த வேலையில் பெயர்ப்பலகையையும் மீட்டரையும் பார்த்து அந்த இடத்து எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். கோளாறு மட்டும் கற்பனை அல்ல. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏதாவது ஒரு கூரையில் இது நடக்கிறது.

யூனிட்

சமையலறையில் அடுப்புக்கு மேல் புகையைப் பிடிக்கும் 3 மீட்டர் நீள ஹூட். அதில் 500 மில்லிமீட்டர் சதுர பேஃபிள் ஃபில்டர்கள் ஆறு. அங்கிருந்து 400க்கு 400 மில்லிமீட்டர் டக்ட் (காற்றுக்குழாய்), பின்சுவரை ஒட்டி ஏறத்தாழ 12 மீட்டர் மேலேறி, பின்பக்கக் கான்கிரீட் தளத்தில் நிற்கும் ஃபேனைச் சேர்கிறது. ஃபேன் ஒற்றை வாய் சென்ட்ரிஃபியூகல் (காற்றை நடுவில் இழுத்து விளிம்புக்கு எறியும் வகை), 630 மில்லிமீட்டர் இம்பெல்லர் (சுழலும் இறக்கைச் சக்கரம்), இறக்கைகள் பின்சாய்ந்தவை. மோட்டார் 2.2 கிலோவாட், 415 வோல்ட், மூன்று ஃபேஸ், 1,430 சுற்று, பெயர்ப்பலகையில் 4.8 ஆம்ப்ஸ். மோட்டார் புல்லி 125, ஃபேன் புல்லி 180, இடையில் இரண்டு பி வகை பெல்ட். 1,430ஐ 125ஆல் பெருக்கி 180ஆல் வகுத்தால் ஃபேனின் வேகம் நிமிடத்துக்கு 993 சுற்று.

முதன்முதலில் ஓட்டிப் பார்த்த நாளின் தாளில் இருப்பவை: வினாடிக்கு 1.5 கனமீட்டர் காற்று, அதாவது ஏறத்தாழ 3,180 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). ஃபில்டர் முகத்தில் சராசரி வேகம் வினாடிக்கு 1 மீட்டர். டக்டுக்குள் 9.4 மீட்டர். ஓடும் மின்னோட்டம் 4.1 ஆம்ப்ஸ். இந்தத் தாள் பல கடைகளில் கிடைப்பதில்லை. கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் இன்றைய அளவை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடும்.

புகாரும் முதல் பரிந்துரையும்

“அண்ணே, ஃபேன் ஓடுது, மேல போய்ப் பார்த்தா காத்தும் வருது. ஆனா புகை போகல.” புகார் இவ்வளவுதான். தாளிக்கும்போது ஹூட்டின் முன்விளிம்பில் புகை உருண்டு வெளியே வந்து, சாப்பிடும் இடம்வரை போகிறது. நடுநடுவே ஓவர்லோட் (மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி) விழுந்து ஃபேன் நின்றுபோகிறது. ஒருவர் வந்து ஓவர்லோட் திருகை 4.8இலிருந்து 6 ஆம்ப்ஸுக்கு ஏற்றிவிட்டுப் போனார். அதன்பின் விழவில்லை, மோட்டாரின் உடலில் கை வைக்க முடியவில்லை. அடுத்து வந்தவரின் முடிவு: மோட்டாருக்குச் சக்தி போதவில்லை, 4 கிலோவாட் மோட்டாராக மாற்ற வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காற்று குறைவு, ஆம்ப்ஸ் அதிகம், மோட்டார் சூடு. ஆனால் இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் கதை வேறு. பின்சாய்ந்த இறக்கை உள்ள ஃபேனில் ஃபில்டர் அடைத்தால், டேம்பர் (டக்டுக்குள் காற்றை மட்டுப்படுத்தும் தகடு) மூடினால், டக்ட் நெருங்கினால் காற்று குறையும்; அதோடு ஆம்ப்ஸும் பெரும்பாலும் இறங்கும். பெல்ட் வழுக்கினாலும் அப்படியே: காற்று குறையும், ஆம்ப்ஸ் குறையும். காற்று குறைந்து ஆம்ப்ஸ் ஏறினால் ஃபேன் காற்றைத் தள்ளுவதற்காக அல்லாமல் வேறெதற்கோ சக்தியைச் செலவிடுகிறது. அதற்குக் காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: பேரிங் இறுகுவது, இம்பெல்லர் எதிலாவது உரசுவது, ஸ்க்ரோலுக்குள் (இம்பெல்லரைச் சுற்றியுள்ள நத்தை ஓடு போன்ற கூடு) தண்ணீர், மூன்று ஃபேஸில் ஒன்று பலவீனமாவது, இல்லையேல் ஃபேன் தலைகீழ்த் திசையில் சுற்றுவது. மோட்டார் சிறியது என்பது அந்தப் பட்டியலிலேயே வராது. இதே மோட்டார்தான் பல ஆண்டு 4.1 ஆம்ப்ஸில் ஓடியது.

கீழேயிருந்து பார்த்தவை

கூரைக்கு ஏறுமுன் சமையலறையில் அரை மணி நேரம் செலவிட்டால் மேலே இரண்டு மணி நேரம் மிச்சம். முதலில் ஃபில்டர். ஆறும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்ததில் மடிப்புகள் திறந்தே இருந்தன. கடைக்காரர்கள் முறையாகக் கழுவுகிறார்கள். அடுத்து, காற்றுவேக மீட்டரை ஒவ்வொரு ஃபில்டரிலும் ஐந்து இடத்தில் வைத்துச் சராசரி எடுத்தது: வினாடிக்கு 0.55 மீட்டர். இருக்க வேண்டியதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஃபில்டரில் டிஷ்யூ தாள் ஒட்டி நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடுபவர்கள் உண்டு. 0.55 மீட்டரிலும் தாள் ஒட்டும். அந்தச் சோதனை ஃபேன் ஓடுகிறது என்பதை மட்டுமே சொல்லும்.

பிறகு பின்கதவு. சமையலறைக்குள் வரும் புதுக்காற்று போதாவிட்டால் எவ்வளவு நல்ல ஃபேனும் இழுக்காது. கதவைத் திறந்ததும் புகை சட்டென்று ஹூட்டுக்குள் அடங்கினால் கோளாறு புதுக்காற்றில். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடவே வேண்டாம். இங்கே கதவைத் திறந்தும் 0.55 மீட்டர் 0.57 ஆனது, அவ்வளவுதான். ஆகவே கோளாறு மேலே.

மழைக்காலத்தில் புதுக்காற்று ஃபேனின் ஃபில்டர் நனைந்து பாசி பிடித்து அடைப்பது சகஜம். எனவே இந்தக் கதவுச் சோதனையை எப்போதும் விடக்கூடாது. புதுக்காற்றின் அளவு வெளியேறும் காற்றில் ஏறத்தாழ 80 முதல் 85 விழுக்காடு இருந்தால் சமையலறை லேசான உள்ளிழுப்பில் நிற்கும். சமையல் வாசம் சாப்பிடும் இடத்துக்குப் போகாது.

கடைசியாகப் பேனல். கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸிலும் 5.7, 5.8, 5.8. மூன்றும் சமம் என்பதால் ஒரு ஃபேஸ் போய்விட்ட கோளாறு இல்லை. ஆனால் 4.8 ஆம்ப்ஸ் மோட்டாருக்கு இது ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான சுமை. ஓவர்லோடை 6இல் வைத்திருந்தால் இந்த 5.8ஐ அது ஒருபோதும் பார்க்காது; சுருள் கருகும்வரை மோட்டார் ஓடும். திருகை அங்கேயே, அப்போதே 4.8க்கு இறக்க வேண்டும்.

ஏறும் நேரம்

வாழை இலைக் கடையில் அடுப்பு ஓயும் நேரம் பிற்பகல் 3.30 முதல் 5.30 வரை. கோலாலம்பூரில் இடி இறங்கும் நேரமும் அதுதான். கடைக்காரருக்கு வசதியான நேரம் கூரைக்கு மிக மோசமான நேரம் என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். வார விடுமுறை நாளின் காலை 8 முதல் 11 வரை நல்லது. விடுமுறையே இல்லாத கடை என்றால் விடியற்காலை, அடுப்பு பற்றவைக்கும் முன்.

மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால் இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப ஏறக்கூடாது. மழை இன்னும் தொடங்கவில்லையே என்பது காரணம் ஆகாது. கூரையில் உயரமாக நிற்கும் இரும்பு அந்த ஃபேன்தான், அதன் பக்கத்தில் நிற்பவர் அடுத்து.

எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுற்றியுள்ள தளம் எண்ணெய்ப் படலத்தால் மூடியிருக்கும். அதன்மேல் மழை விழுந்தால் காலணியின் பிடிப்பு போய்விடும். முதல் வேலை டிகிரீசர் தெளித்துத் துடைத்து, நிற்கும் இடத்தைப் பாதுகாப்பாக்குவது. பழைய கடைவீடுகளில் பின்தளத்துக்கு அடுத்தே ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடும் வெளிச்சத்துக்குப் பதித்த பிளாஸ்டிக் தகடும் இருக்கும். எண்ணெயும் தூசும் படிந்தபின் இரண்டும் ஒரே நிறம். எதன்மேலும் கால் வைக்கக்கூடாது. நடக்க வேண்டியிருந்தால் பலகை போட வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தோடு, தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி இந்த ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடுவது முதலாளியின் கடமை; சின்ன காண்ட்ராக்டர் என்றாலும் விலக்கு இல்லை.

ஐசோலேட்டரை (ஃபேனுக்கு வரும் மின்சாரத்தைக் கூரையிலேயே துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவி வேலை செய்பவரின் பையில் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டாலும் இம்பெல்லர் தானே சுற்றும். டக்டில் ஏறும் சூட்டுக்காற்றோ வெளிக்காற்றோ அதைச் சுழற்றும். ஸ்க்ரோல் கதவைத் திறந்ததும் மரத்துண்டை ஆப்பு வைத்து நிறுத்தாமல் கையை உள்ளே விடக்கூடாது.

கூரையில் கண்டவை

ஃபேன் வாய்க்கு மேலிருந்த கூம்பு மூடி இல்லை. முந்தைய புயற்காற்றில் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. தண்டுகள் மட்டும் நிற்கின்றன. ஃபேன் ஓடும்போது மேல்நோக்கிப் பாயும் காற்று மழைத்துளியை உள்ளே விடாது. இரவு பத்து மணிக்குக் கடை மூடியபின் விடும். 400க்கு 400 வாய் என்றால் 0.16 சதுரமீட்டர். 60 மில்லிமீட்டர் மழை ஒரு முறை பெய்தால் 9.6 லிட்டர் தண்ணீர் நேராக ஸ்க்ரோலுக்குள் இறங்கும். அதற்காகத்தான் ஸ்க்ரோலின் அடியில் வடிகால் துளை இருக்கிறது.

இந்த ஃபேனில் அந்தத் துளை 25 மில்லிமீட்டர். ஸ்க்ரோல் கதவைத் திறந்தபோது அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதன்மேல் ஆறிய நெய்போல மஞ்சள் ஆடை. இம்பெல்லரின் ஓரம் அந்த ஆடையைக் கீறிச் சுற்றியதற்கு அடையாளமாக ஒரே அளவில் வளையக்கோடு. துளையில் கம்பியை விட்டதும் முதலில் எதுவும் வரவில்லை. சோப்புக்கட்டியைப்போல இறுகிய கொழுப்பு விரல் நீளத்துக்கு வெளிவந்தபின்தான் தண்ணீர் பாய்ந்தது. எட்டு லிட்டருக்குக் குறையாது. கொழுப்பு கலந்த இந்த நீரை மழைநீர்க் குழாயில் விடக்கூடாது. வாளியில் பிடித்துக் கடையின் கிரீஸ் டிராப்பில் சேர்க்க வேண்டும்.

தண்ணீரை வடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் 5.4 ஆம்ப்ஸ். 0.4 இறங்கியது. ஃபில்டர் முகத்தில் காற்று மட்டும் 0.55இலிருந்து அசையவில்லை. பலர் இந்த இடத்தில் காரணம் கிடைத்துவிட்டது என்று கருவிகளை மூட்டை கட்டுவார்கள். தண்ணீர் ஒரு காரணம்தான், இன்னும் 1.3 ஆம்ப்ஸுக்குக் கணக்கு வரவில்லை.

அடுத்து, சுற்று வேகத்தை அளக்கும் டாக்கோமீட்டர். 993 சுற்றில் இருக்க வேண்டிய ஃபேன் 940இல் ஓடுகிறது, 5 விழுக்காட்டுக்கு மேல் வழுக்கல். நல்ல பெல்டில் 1 அல்லது 2 விழுக்காடுதான் இருக்கும். எண்ணெயும் ஈரமும் பட்டு இரண்டு பெல்டும் கண்ணாடிபோல் பளபளக்கின்றன. ஆனால் மேலே சொன்னபடி, வழுக்கல் ஆம்ப்ஸைக் குறைக்கும், ஏற்றாது. ஆக, வழுக்கலையும் மீறி ஏதோ ஒன்று ஆம்ப்ஸை மேலே தள்ளுகிறது.

பிறகுதான் ஐசோலேட்டர் கண்ணில் பட்டது. எல்லாம் பழையதாக இருக்கும் கூரையில் அது மட்டும் புத்தம் புதியது. விசாரித்ததில், பெரிய மழை ஒன்றில் பழையது தண்ணீர் புகுந்து கருகி, வயர்மேன் ஒருவர் மாற்றியிருக்கிறார். அதன்பின்தான் புகைத் தொல்லை. கேபிளின் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் வெயிலில் வெளுத்துப் பழுப்பாகிவிட்டன. எது எங்கே போகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

ஸ்டார்ட்டை ஒரு நொடி அழுத்தி விட்டுவிட்டு, இம்பெல்லர் நிற்கப்போகும் நேரத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

காற்று வருகிறதே?

எல்லோரும் ஏமாறும் இடம் இது. சுவரில் பதிக்கும் ப்ரொப்பெல்லர் ஃபேன் தலைகீழாகச் சுற்றினால் காற்று உள்ளே வரும், குழந்தைக்கும் தெரியும். சென்ட்ரிஃபியூகல் ஃபேன் அப்படி இல்லை. எந்தத் திசையில் சுற்றினாலும் இம்பெல்லர் காற்றை நடுவிலிருந்து வெளியே எறியும். ஸ்க்ரோலுக்கு இருப்பது ஒரே வாய். எனவே காற்று எப்போதும் அதே வாயில்தான் வரும். வேறுபாடு அளவில். பின்சாய்ந்த இறக்கை தலைகீழாகச் சுற்றும்போது இறக்கை காற்றை வாரி அறைகிறது; அந்தக் காற்று ஸ்க்ரோலின் வளைவுக்கு எதிராகப் போய் உள்ளேயே சுழன்று சக்தியைத் தின்கிறது. காற்று குறையும், மோட்டார் சுமை ஏறும், சத்தமும் கரகரப்பாக மாறும். முன்வளைந்த சிறு இறக்கைகள் உள்ள ப்ளோவரில் தலைகீழ்ச் சுழற்சி பெரும்பாலும் ஆம்ப்ஸைக் குறைக்கும். ஆகவே ஆம்ப்ஸைப் படிக்குமுன் எந்த வகை இம்பெல்லர் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரியான திசையைக் காட்டும் அம்புக்குறி உடலில் ஒட்டியிருக்கும். நம் வெயிலில் அது சில ஆண்டுகளில் உரிந்துவிடும். அப்போது ஸ்க்ரோலின் வடிவமே வழிகாட்டி: ஓடு குறுகலான இடத்திலிருந்து அகன்றுகொண்டே வாயை நோக்கிப் போகும் திசைதான் சுழலும் திசை. பின்சாய்ந்த இறக்கையின் வெளிமுனை அந்தத் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகம் இல்லை. பார்த்த உடனே அழியாத பெயின்டில் புது அம்பு போட்டுவிடுவது நல்லது.

4 கிலோவாட் மோட்டார் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே புல்லி, அதே வேகம், அதே தவறான திசை. காற்று அதே 0.55 மீட்டர், ஓவர்லோட் மட்டும் விழாது. காற்றின் அளவைத் தீர்மானிப்பது சுற்றும் வேகமும் திசையும்தான், மோட்டாரின் அளவு இல்லை. வேகத்தை ஏற்றி ஈடுகட்டலாமே என்றால், 0.55ஐ 1 ஆக்க வேகத்தை 1.8 மடங்காக்க வேண்டும். சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்; ஏறத்தாழ ஆறு மடங்கு. அதற்குமுன் இம்பெல்லரின் வேக வரம்பு தாண்டிவிடும்.

திருத்தம் எளிது. பூட்டை எடுக்காமல், ஐசோலேட்டரில் மோட்டார் பக்கம் போகும் மூன்று கம்பியில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுவது. கீழே பேனலுக்கு வரும் மூலக் கம்பியை மாற்றினால் அதே பேனலில் ஓடும் மற்ற மோட்டார்கள் தலைகீழாகிவிடும். விஎஸ்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வழியாக ஓடும் ஃபேன் என்றால் உள்ளே வரும் கம்பியை மாற்றியும் திசை மாறாது. வெளியே போகும் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். இந்த வேலை தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனுடையது.

திசை மாறியதும் 3.8 ஆம்ப்ஸ், ஃபில்டர் முகத்தில் 0.91 மீட்டர். புகை அடங்கிவிட்டது.

மிச்சம் இருந்தவை

0.91 என்றால் கடை ஓடும். ஆனால் மழை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தண்ணீர் வந்த வழி திறந்தே கிடக்கிறது.

பெல்ட் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் புதியதே முழுச் சுமையையும் தாங்கி அறுந்துபோகும். புல்லிப் பள்ளத்தின் அடித்தளம் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் பெல்ட் பக்கவாட்டில் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். புல்லியும் போக வேண்டும். இங்கே புல்லி நன்றாகவே இருந்தது. மோட்டாரின் நகர்வுத் திருகைத் தளர்த்தாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி பெல்டை ஏற்றினால் உள்நூல் அறுந்துவிடும், வெளியே தெரியாது. இரு புல்லியும் ஒரே கோட்டில் இருப்பதை நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, பெல்டின் நடுவில் அழுத்தினால் ஒரு மீட்டர் இடைவெளிக்கு 16 மில்லிமீட்டர் என்ற கணக்கில் தாழ வேண்டும். இங்கே புல்லிகளுக்கிடையே 450, ஆகவே 7 மில்லிமீட்டர். அழுத்த வேண்டிய விசை பெல்ட் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். வழுக்கும் பெல்டுக்கு ஒட்டுத் திரவம் தெளிப்பதை அறவே விட்டுவிட வேண்டும். அது தூசையும் எண்ணெயையும் சேர்த்துப் பெல்டைக் கெடுக்கும். புதிய பெல்டுடன் 980 சுற்று, 4.1 ஆம்ப்ஸ், 0.95 மீட்டர்.

டக்டுக்கும் ஃபேனுக்கும் இடையிலுள்ள துணி இணைப்பில் ஒரு சாண் நீளக் கிழிசல். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் சமையலறைக் காற்றுக்குப் பதிலாகக் கூரைக்காற்றையும் மழையையும் உள்ளே இழுக்கிறது. கொழுப்புள்ள டக்டில் தீத்தாங்கும் துணி மட்டுமே போட வேண்டும். டேப் ஒட்டுவது ஒரு வாரம் தாங்காது. மாற்றியபின் 0.99 மீட்டர், ஆம்ப்ஸ் அதே 4.1. ஃபேன் முன்பும் அதே அளவு காற்றைத்தான் நகர்த்தியது. இப்போது முழுவதும் ஹூட்டிலிருந்து வருகிறது.

பேரிங் யூசிபி 207, தண்டு 35 மில்லிமீட்டர். வெளியே கசிந்திருந்த பழைய கிரீஸ் பால்கலந்த நிறத்தில் இருந்தது, தண்ணீர் போயிருக்கிறது. இப்படிப்பட்ட பேரிங்கைக் கையால் சுற்றி உணர வேண்டும். சொரசொரப்போ சத்தமோ இருந்தால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதிய லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் அடித்துப் பழையதை வெளியே தள்ளலாம். வழக்கமான அளவு ஒரு முறைக்கு ஏறத்தாழ 6 கிராம். கிரீஸ் கன்னின் ஓர் அழுத்தத்தில் எவ்வளவு வரும் என்பது கன்னுக்குக் கன் மாறும்; ஒரு முறை பத்து அழுத்தம் அடித்துத் தராசில் நிறுத்து வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் இல்லை. மழை மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். வாராவாரம் அடித்தால் சீல் பிதுங்கிப் பேரிங் சூடாகும்.

மோட்டாரின் காப்புத் தடையை 500 வோல்ட் மெகரால் பார்த்ததில் 2.4 மெகாஓம். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் மின்சாரமே கொடுக்கக்கூடாது. 2.4 ஓடும், ஆனால் ஈரம் ஏறியிருக்கிறது. டெர்மினல் பெட்டியைத் திறந்து, கேஸ்கெட்டை மாற்றி, ஒரு பகல் ஓடி உலர்ந்தபின் திரும்பப் பார்த்தால் 80 தாண்டியது. புதிய ஐசோலேட்டரிலும் கேபிள் மேலிருந்து நுழைந்திருந்தது. பழையது கருகியதற்குக் காரணமே அதுதான். அப்படியே விட்டால் அடுத்த மழைக்கு இதுவும் போகும். துளையை அடைத்து, கேபிளைப் பெட்டிக்குக் கீழே வளைத்து, தண்ணீர் சொட்டிப் போகும்படி ஒரு தொங்கல் விட்டு, கேபிளை இறுகப் பிடிக்கும் கிளாண்ட் வழியாக அடியிலிருந்து ஏற்ற வேண்டும். பேனலில் ஃபேஸ் வரிசை ரிலே ஒன்று போட்டுவிட்டால், கம்பி பேனலுக்கு முன்னால் எங்கே மாறினாலும் ஃபேன் கிளம்பாது. ரிலேக்கும் மோட்டாருக்கும் இடையில் மாறுவதை அது பார்க்காது என்பதால், கூரையில் கம்பியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் திசைச் சோதனை கட்டாயம்.

கடைசியாக அந்தக் கூம்பு மூடி. கடைக்காரர் புதிதாக ஒன்று கேட்டார். போடக்கூடாது என்பதே எங்கள் கருத்து. கூம்பு மூடி கொழுப்புக் காற்றை மேலே விடாமல் கீழே மடக்கித் தளத்தில் படியவைக்கிறது. பக்கத்து மாடி ஜன்னலுக்கும் அனுப்புகிறது. ஃபேனுக்குக் கூடுதல் எதிரழுத்தமும் கொடுக்கிறது. அதற்கு மாற்று இரட்டைக்குழாய்ப் புகைபோக்கி. 400 சதுர வாயை 450 மில்லிமீட்டர் வட்டக் குழாயாக மாற்றி, அதன்மேல் 500 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைச் சுற்றிலும் 25 மில்லிமீட்டர் இடைவெளியோடு, 150 மில்லிமீட்டர் கீழிறங்கிப் போர்த்தும்படி நிறுத்துவது. மேல்குழாயின் உயரம் உள்விட்டத்தின் நான்கு மடங்கு, அதாவது 1.8 மீட்டர். மழை நேர்செங்குத்தாக விழுவது அரிது. சாய்ந்து விழும் துளி மேல்குழாயின் உட்சுவரில் பட்டு, வழிந்து, அந்த இடைவெளி வழியாக வெளியே போய்விடும். காற்றோ தடையின்றி நேர்மேலே போகும். இந்த உயரத்துக்கு மூன்று பக்கம் இழுவைக்கம்பி கட்டாயம். ஃபேன் உடலின்மேல் எடையை ஏற்றாமல் தளத்தில் தாங்கி வைக்க வேண்டும். புதுக்காற்று உள்ளே வரும் வாய் இதிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும்.

வடிகால் துளை 25இலிருந்து 40 மில்லிமீட்டராக அகலமாக்கப்பட்டு, கம்பி விட்டுக் குத்தக்கூடிய நேர்க்குழாயும், அடியில் மூடியுள்ள கொழுப்புக் கலமும் வந்தன. மழை மாதங்களில் வாரம் ஒரு முறை அந்தக் கலத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பெருமழைக்குப் பிறகும் கலம் காய்ந்து கிடந்தால், தண்ணீர் ஸ்க்ரோலுக்குள்ளேயே நிற்கிறது.

பேனல் கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டப்பட்டது: தேதி, ஆம்ப்ஸ், ஃபில்டர் முக வேகம். ஆம்ப்ஸைக் காலையில் அடுப்பு பற்றவைக்குமுன் எடுக்க வேண்டும். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிலோ, மதியம் 60 டிகிரிச் சூட்டுக்காற்று போகும்போது 1.06 கிலோ. எடை குறைந்த காற்றை நகர்த்த மோட்டார் அவ்வளவு உழைக்க வேண்டியதில்லை. அதனால் காலையில் 4.1 காட்டும் மீட்டர் மதியம் 3.8 காட்டுவது இயல்பு. நேரம் மாற்றி எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டால் இல்லாத பெல்ட் வழுக்கலைத் தேடிக் கூரை ஏற வேண்டிவரும். புதிய பெல்ட் முதல் இரண்டு நாள் ஓட்டத்தில் நீண்டு தளரும். எனவே அட்டையின் முதல் வரிசை மூன்றாம் நாள் காலை, பெல்டை மறுபடி இழுத்துக் கட்டியபின் எழுதப்பட்டது.